இன்னொருக்கா

கிளாவர் ஏழு. முகத்தில் ஒன்றும் காட்டாதே குமுதா, சிரி, மேடைக்குக் கூப்பிட்டு நிறுத்திய நாச்சிமுத்து அண்ணன் சொன்ன மாதிரியே சீட்டை நெஞ்சோடு சேர்த்து வை, யாருக்கும் காட்டாதே, உனக்கேகூட மறுபடி காட்டிக்கொள்ளாதே. பார்த்தது பார்த்ததுதான், திரும்பப் பார்த்தால் மட்டும் ஏழு ராணியாகிவிடுமா. ஆட்டின் ராணியல்லவா, சிவப்பு இதயம் போட்ட ராணி, என் கைக்கு வந்திருக்க வேண்டும். மேடை ஓரத்தில் ஸ்டாண்டில் கிளிப் போட்டுத் தொங்குகிறதே ஒரு காக்கி உறை, காலையிலேயே எழுதி ஒட்டி எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டிவிட்டாரே, அதற்குள் ஆட்டின் ராணிதான் இருக்கும். நான் பார்க்கவில்லை, பார்க்கவும் வேண்டாம், கோயமுத்தூர் வித்தைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதுதான் தள்ளுச் சீட்டு. தள்ளுச் சீட்டு என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சீட்டுகளை விசிறி மாதிரி விரித்து, பிடித்ததை எடுங்கள் என்போம். எடுப்பவர் தன் இஷ்டத்துக்கு எடுத்ததாக நினைத்துக்கொள்வார். எந்தச் சீட்டை அவர் விரலுக்கு நேராகத் தள்ளினோமோ அதைத்தான் எடுத்திருப்பார். அதே சீட்டின் பெயரை உறைக்குள் முன்கூட்டியே எழுதி வைத்திருப்போம். எல்லோரும் ஆ என்று வாயைப் பிளப்பார்கள். பிளக்க வேண்டும். ஆனால் என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருப்பது கிளாவர் ஏழு, அது எனக்கு மட்டும்தான் தெரியும், நாச்சிமுத்து அண்ணனுக்குக்கூடத் தெரியாது, அவர் பாட்டுக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையின் அந்தக் கோடிக்கு நடக்கிறார்.

பொதுஜனத்திடம் இது தப்பவே தப்பாது. இங்கே பொதுஜனம் இல்லை, அதுதான் வினை. திருச்சி ஜங்ஷன் பக்கத்து ஹோட்டல் மாடி ஹாலில் பிரியாணி வாசம் இன்னும் கலையாமல், ஏ.சி.யில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எண்பது பேரும் மாநாட்டுக்கு வந்த வித்தைக்காரர்கள். மேடையில் நின்று ஆளை அறுத்து ஒட்டுகிறவர்கள், என்னைப் போலக் கல்யாண வரவேற்பில் மேஜை மேஜையாகப் போய் மூக்குக்கு நேராகக் காசை மறைக்கிறவர்கள், எல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். வித்தைக்காரனிடம் சீட்டை விரித்தால் அவன் தள்ளுச் சீட்டை எடுக்க மாட்டான். அது எங்கள் தொழில் குணம். விரலுக்கு நேராக வந்ததை விட்டுவிட்டு அடுத்ததை உருவுவான், மேடையில் நிற்பவன் முழிப்பதைப் பார்க்க அவ்வளவு ஆசை. அண்ணனுக்கு இது தெரியாதா. குமுதாவும் அப்படித்தான் செய்வாள் என்று கணக்குப் போட்டு, நான் ஒதுங்குவேன் என்ற இடத்தில் ராணியை ஒரு சீட்டு தள்ளி வைத்துக்கொண்டார். நானோ, பாவம் மனுஷர், இன்றைக்கு இவருக்கு வில்லங்கம் பண்ணக்கூடாது என்று, நேராக வந்ததை மரியாதையாக எடுத்துத் தொலைத்தேன். குறுகலான சந்தில் எதிரெதிரே வரும் இரண்டு பேர் வழிவிடுகிறேன் என்று ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே, அதேதான். அவர் என்னைப் பொல்லாதவள் என்று நினைத்தார், நான் நல்லவளாக இருந்துவிட்டேன். வேறு எந்தத் தொழிலிலாவது இப்படி ஒரு தப்பு நடக்குமா. சிரிப்பு வருகிறது. சிரிக்காதே, அளவாகச் சிரி. நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது, சீட்டே துள்ளுகிற மாதிரி இருக்கிறது, முதல் வரிசைக்குத் தெரியுமோ.

பாவம் மனுஷர் என்று சும்மா சொல்லவில்லை. ஈரோட்டில் ஒரு கல்யாண வரவேற்பில் இதே உறை, இதே ஸ்டாண்டு, உறையைப் பிரித்தால் உள்ளே ஒரு சீட்டின் பெயர், மாப்பிள்ளையின் தம்பி கையில் வேறு சீட்டு. எங்களுக்கு அது வாரம் ஒருமுறை நடக்கிற விஷயம், சிரித்து மழுப்பி அடுத்த வித்தைக்குப் போய்விடுவோம். ஆனால் யாரோ ஒரு பயல் வீடியோ எடுத்துவிட்டான். அண்ணன் உறையைப் பார்த்துச் சீட்டைப் பார்த்து மறுபடி உறையைப் பார்க்கிற அந்த முழியை மட்டும் வெட்டி, பின்னால் ஒரு அழுகைப் பாட்டைப் போட்டு, வாட்ஸப்பில் ஊர் ஊராகச் சுற்றவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கே மூன்று குரூப்பிலிருந்து வந்தது. அதோடு அண்ணன் மேடை ஏறுவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டத்துக்கு வருவார், டீ குடிப்பார், பிறருக்கு யோசனை சொல்வார், தன் சீட்டுக் கட்டை மட்டும் வெளியே எடுக்க மாட்டார். இந்த மாநாட்டுக்காரர்கள் நாலு தடவை வீட்டுக்குப் போய்க் கெஞ்சித்தான் இன்றைக்கு ஒத்துக்கொண்டார். அதுவும் அதே உறை வித்தைதான் செய்வேன் என்று பிடிவாதம். விழுந்த இடத்திலேயே எழுந்திரிக்கணுமுங்க என்றாராம். இன்றைக்கும் தப்பினால் இனி எழுந்திருக்க மாட்டார், அது நிச்சயம். எண்பது பேர் பையிலும் போன் இருக்கிறது, கையில் எடுத்து நீட்டிக்கொண்டிருக்கிறவர்களே பத்துப் பேர் தேறுவார்கள். அவருடைய பிழைப்பு, மானம், அந்த வெள்ளைச் சட்டை, சாயம் போட்ட மீசை எல்லாம் இப்போது என் ஐந்து விரலுக்குள் இருக்கிறது. வீட்டில் அடுப்பு கேஸை மூடிவிட்டுத்தானே வந்தேன். இப்போது எதற்கு அந்த நினைப்பு. மூடியிருப்பேன்.

இருக்கட்டுமே. நான் ஏன் துடிக்க வேண்டும். நான் ஒரு தப்பும் செய்யவில்லை, நீட்டியதை எடுத்தேன். உறையைப் பிரிக்கட்டும், நான் ஏழைத் தூக்கிக் காட்டுகிறேன், பிறகு அவர் பாடு. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை டீக் கிளாஸோடு நின்றுகொண்டு எல்லோர் முன்னாலும் என்ன சொன்னார். “பொம்பளைங்க கையில காசு நிக்கும், பூவு நிக்கும், சீட்டு நிக்காதுங்க அம்மணி. கை பத்தாது.” உள்ளங்கைக்குள் ஒரு முழுச் சீட்டை ஒளித்துக்கொண்டு கை காலியாக இருப்பதுபோல் வீசி நடப்பது, அதைத்தான் சொன்னார். திட்டிச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுச் சொன்னார், அதனால்தான் இன்னும் உறைத்தது. எல்லோரும் அவரவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே என் கையைப் பார்த்தேன். சின்னக் கைதான், வளையல் கடையில் குழந்தை அளவுக்குப் பக்கத்து அளவைத்தான் எடுத்துப் போடுவார்கள். இந்த மாநாட்டு அழைப்பிதழில் என் பெயரை எப்படிப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா, மாலை ஆறு மணி, மகளிர் நிகழ்ச்சி. நான் ஒருத்திதான் மகளிர். அண்ணன்தான் அப்படிப் போடச் சொல்லியிருப்பார், மரியாதை என்று நினைத்திருப்பார். ஏழைத் தூக்கிக் காட்டு குமுதா. கை பத்தாது என்றாயே, உன் வாய்க்கு ஒரு சீட்டுப் பத்துமா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு தூக்கிக் காட்டு. எவ்வளவு ருசியாக இருக்கும். இல்லை, ருசியாக இருக்காது. எனக்கு என்னைத் தெரியும், நான் காலையில் சண்டை போட்டால் மத்தியானம் ரசத்துக்கு உப்புப் போடும்போது அழுகிற ஜாதி.

அவர் நின்றுவிட்டார். கட்டை நேராக்குகிறார். நேராக்கும்போது கட்டைவிரலால் மூலையை லேசாகத் தூக்கி ஒரு பார்வை, நாங்கள் எல்லோரும் செய்வதுதான், ராணி போய்விட்டாளா என்று பார்ப்பது, கதவைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்க்கிற மாதிரி. பார்த்துவிட்டார். போகவில்லை. ராணி கட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அவரை முறைத்திருப்பாள். ஐயோ, அந்த முகத்தில் ஒன்றுமே மாறவில்லை, அது எவ்வளவு பெரிய வித்தை, காது மட்டும் சிவக்கிறது. சிரித்தபடியே பேசுகிறார். “என்ற சம்சாரமும் இப்படித்தானுங்க, நான் நெனைக்கறதுக்கு முந்தியே கண்டுபுடிச்சுருவா.” இதை இப்போதுதானே சொன்னார், சீட்டை விரிக்கும்போதே சொன்னாரே. அதே நகைச்சுவையைத் திரும்பச் சொல்கிறார். அவர் பேச்சு எனக்கு மனப்பாடம், எந்த வரிக்குப் பின் எந்த வரி, எங்கே இருமுவார், எங்கே மைக்கை மாற்றுவார், எல்லாம். இப்போது வரிகள் வட்டம் அடிக்கின்றன. நேரம் கடத்துகிறார். தப்பிக்க வழி தேடுகிறார், வழி இல்லை. உறையை மாற்ற முடியாது, ஸ்டாண்டு மூன்று பக்கமும் திறந்து கிடக்கிறது, அதுதானே அவருக்குப் பெருமை. என்னை ஒருமுறை பார்க்கிறார். கெஞ்சவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, கெஞ்சியிருந்தால்கூட ஒரு திமிராவது வந்திருக்கும். டாக்டர் ரூமுக்கு வெளியே பெயர் கூப்பிடுவதற்காக உட்கார்ந்திருப்பவர் மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

என் கொசுவத்துப் பை. அட, என் கொசுவத்துப் பையில் என் கட்டு இருக்கிறது. இது ஏன் இவ்வளவு நேரம் மண்டையில் ஏறவில்லை. மாலை நிகழ்ச்சிக்காகச் சாப்பிட்டவுடனேயே எடுத்துப் போட்டுக்கொண்டேன், டெய்லர் எதற்குங்க பட்டுச் சேலைக்குப் பாக்கெட்டு என்று கேட்டுக்கொண்டே தைத்துக் கொடுத்த பை, கைக்குட்டைக்குக் கீழே கட்டு. நானும் கோயமுத்தூர்க்காரிதானே, என் தள்ளுச் சீட்டும் அதே ராணிதான், கட்டின் அடிச் சீட்டாக வாட்டமாக வைத்திருக்கிறேன். அதே கம்பெனிச் சீட்டு, அதே சிவப்பு முதுகு, இந்த ஹாலில் எண்பது பேர் பையிலும் அதே சிவப்பு முதுகுதான். ராணியை உள்ளங்கையில் ஏற்றி வெளியே எடுக்க வேண்டும், ஏழுக்குப் பதிலாக ராணியை நெஞ்சில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதானா. காலிலிருந்து ஏதோ ஒன்று ஜிவ்வென்று ஏறுகிறது, பயம் என்றுதான் நினைத்தேன், பயம் இல்லை. ஆசை. ஐயோ, எனக்கு ஆசையாக இருக்கிறது. அண்ணனைக் காப்பாற்ற வேண்டும் என்பதெல்லாம் சரி, புண்ணியம் வந்தால் வரட்டும், ஆனால் உண்மையைச் சொன்னால் எண்பது வித்தைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு முழுச் சீட்டைக் கையில் நிறுத்திப் பார்க்க வேண்டும், அதுவும் பளிச்சென்ற விளக்கில், மேடை நடுவில். இதற்காகத்தானே இத்தனை வருஷம்.

கை பத்தாது என்று அவர் சொன்ன அன்றைக்கு, கூட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். அவர் சொன்னது சரிதான், ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது. விரலை வளைத்தால் கை நண்டு மாதிரி ஆகிறது, வளைக்காவிட்டால் மூலை தெரிகிறது. ஆண்கள் சொல்லிக் கொடுத்த எந்தப் பிடியும் என் கைக்கு ஆகவில்லை. ஒருநாள் சாம்பார் கிளறிக்கொண்டிருக்கும்போது, கையில் சீட்டு இருக்கிறதென்பதே மறந்துபோய், முந்தானையை முன்னால் இழுத்துச் சொருகப் போனேன். அங்கேயே நின்றுவிட்டேன், சாம்பார் அடிப்பிடித்தது. நீட்டிக்கொண்டிருந்த மூலை சேலைக் கரைக்குள் போயிருந்தது. முந்தானையைப் பிடித்த கை. பிறந்ததிலிருந்து எல்லோரும் பார்த்துப் பார்த்து யாருமே பார்க்காத கை. எந்தப் பொம்பளையும் எந்தக் கூட்டத்திலும் அப்படித்தானே நிற்கிறாள், அதைப் போய் எவன் சந்தேகப்படுவான். அதிலிருந்து பஸ்ஸில், ரேஷன் கடையில், கோயில் வரிசையில், சாவு வீட்டில்கூட, கடவுளே மன்னித்துக்கொள், உள்ளங்கையில் ஒரு சீட்டோடு முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வீட்டுக்காரர் கேட்டார், ஏண்டி எந்நேரமும் குளுருது மாதிரி இழுத்துப் போர்த்திக்கிற, டாக்டர்கிட்டப் போலாமா என்று. ஆனால் வித்தைக்காரர்கள் முன்னால் ஒருநாளும் செய்ததில்லை. பிடிபட்டால், கை பத்தாது என்றது சட்டமாகிவிடும் என்று பயம். வீட்டில் புலி, வெளியில் எலி.

கைக்குட்டையை எடு. இப்போதே எடு, அவர் உறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே. இல்லை, நில். அவர் உறையைக் காட்டினால் இவர்கள் உறையைப் பார்க்க மாட்டார்களே. பொதுஜனத்துக்கு விரலை நீட்டினால் நீட்டிய திசையில் பார்ப்பார்கள். இவர்களுக்கு விரலை நீட்டினால் எதிர்த்திசையில் பார்ப்பார்கள், அங்கேதான் திருட்டு நடக்கும் என்று ஊறிப்போன கண்கள். இப்போது உறை உறை என்கிறார், அத்தனை பேர் கண்ணும் என்மேல். முதல் வரிசையில் ஷாகுல் பாய், கையைக் கட்டிக்கொண்டு, இமைக்கவே இமைக்காமல். நாகூர்க்காரர், நாற்பது வருஷமாக எல்லோரையும் பிடித்தவர், பிடித்தால் சொல்ல மாட்டார், கட்டிய கையை மெதுவாக அவிழ்ப்பார், அதுவே போதும், செய்தவன் செத்தான். கை இன்னும் கட்டித்தான் இருக்கிறது. பார்த்துவிட்டுப் போகட்டும், கைக்குட்டை எடுப்பது குற்றமா. மத்தியான நேரம், விளக்கு நெற்றிக்கு நேராக அடிக்கிறது, ஒரு பொம்பளைக்கு வேர்க்கிறது. இடது கை பைக்குள் போகிறது. அவசரப்படாதே. குற்றமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கும், கை குறுகுறுத்தால் எல்லோருக்கும் தெரியும். கட்டின் அடி, சில்லென்று ராணி, சுண்டுவிரல் தள்ள, உள்ளங்கை வாங்கிக்கொள்ள, மேலே கைக்குட்டை. வெளியே வந்துவிட்டது. நெற்றியைத் துடைக்கிறேன், ராணி என் கன்னத்துக்கு அரை விரற்கடை தூரத்தில் இருக்கிறாள், ஷாகுல் பாய் பார்க்கிறார், கை அவிழவில்லை. கைக்குட்டையை இடுப்பில் சொருகிவிட்டு, தோளைச் சுற்றி முந்தானையை முன்னால் எடுத்துப் பிடித்துக்கொள்கிறேன். மூலை கரைக்குள் போய்விட்டது. நான் இப்போது கூட்டத்துக்கு நடுவில் கூச்சத்தோடு நிற்கிற ஒரு மகளிர்.

பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறேன். இடது கையில் ராணி, வலது கையில் நெஞ்சோடு ஏழு, இரண்டும் இடம் மாற வேண்டும், எண்பது ஜோடிக் கண்ணும் என் வலது கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்காவது பாருங்களேன். யாராவது தும்முங்களேன். டீ கொண்டுவருகிறவன் ஒரு கிளாஸைக் கீழே போடக்கூடாதா. அண்ணன் பேசுகிறார், பேச்சு முடியப் போகிறது, எனக்குத் தெரியும், இன்னும் இரண்டே வரி. அடுத்த வரி என்ன. அடுத்த வரி. அட கடவுளே, அடுத்த வரி அதுவல்லவா. எப்போதும் அந்த வரியைச் சொல்வார், உறையைப் பிரிக்கிறதுக்கு முன்னால், தான் எதையும் தொடவில்லை என்று நிரூபிப்பதற்காக. சொல்லுங்கள் அண்ணா. பயத்தில் அதை விழுங்கிவிடாதீர்கள், அதை மட்டும் சொல்லிவிடுங்கள். சின்ன வயசில் ராட்டினத்தில் உச்சிக்குப் போய் அது இறங்குவதற்கு முன்னால் ஒரு கணம் நிற்குமே, அந்த இடத்தில் நிற்கிறேன், இறங்கவே வேண்டாம் போலவும் இருக்கிறது. அவர் வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு, தன்னைத் தூக்குக்குக் கூட்டிப் போகிறவரே தான்தான் என்பது போன்ற குரலில், அந்த வரியைச் சொல்கிறார்.

“இப்ப எல்லாரும் அம்மணி கையவே பாருங்க.”

பார்ப்பார்களா. எண்பது வித்தைக்காரர்களிடம் ஒருவன் இதைப் பார் என்றால் பார்ப்பார்களா. எண்பது தலையும், நாற்றைக் காற்று அடித்த மாதிரி, ஒரே சமயத்தில் என்னிடமிருந்து அவரிடம் சாய்கிறது. அவர் கைக்கு, அவர் சட்டைக் கைக்கு, அவர் உறையை நோக்கி வைக்கிற காலுக்கு. ஷாகுல் பாயின் கண்ணும் போகிறது, போகிறது, போய்விட்டது. இதோ. முந்தானை தோளிலிருந்து நழுவுகிறது, நழுவத்தானே செய்யும், பட்டு. இடது கை அதை மேலே இழுக்கிறது, வலது கையைக் கடந்து போகிறது, கடக்கிற அந்த இடத்தில் நான் எதுவும் செய்யவில்லை, கைகள்தான் செய்தன, ரேஷன் கடையில் செய்தது போல, சாவு வீட்டில் செய்தது போல. ஏழு இடது பக்கம் இறங்க, ராணி வலது பக்கம் ஏற, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை, வளையல்கூடப் பேசவில்லை. முந்தானை தோளில். வலது கை நெஞ்சில். முடிந்தது. முடிந்துவிட்டதா. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே சுத்தமான வேலை, யாருமே பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது, பார்த்திருந்தால் அது வேலையே இல்லை. கத்த வேண்டும் போலிருக்கிறது. வீட்டுக்காரருக்கு இப்போதே போன் பண்ணி எனக்குக் குளிரவில்லை என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்க்கிறேன்.

ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாச்சிமுத்து அண்ணன். உறைமேல் கையை வைத்துக்கொண்டு என் கையையே பார்க்கிறார். ஹாலில் எல்லோரும் அவரைப் பார்க்க, அவருக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது, தன்னைக் கவிழ்க்கப்போகிற சீட்டு இருக்கிற கையைத் தவிர. அந்த வரியைச் சொன்னதிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், கண்ணை எடுக்கவே இல்லை. கையும் களவுமாக மாட்டிக்கொண்டேனா. அவர் முகத்தில் அதே டாக்டர் ரூம் வாசல்தான். அப்படியானால் பார்க்கவில்லையா. பார்த்துக்கொண்டே இருந்தும் பார்க்கவில்லையா. உறையை எடுக்கிறார், வாயால் கிழிக்கிறார், உள்ளே இருக்கிற பெரிய அட்டையை வெளியே உருவித் திருப்புகிறார், தான் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே. ஆட்டின் ராணி. “உங்க சீட்டக் காட்டுங்க அம்மணி” என்கிறார், அந்தக் குரலைக் கேட்டால் பிரேதத்தை எடுங்க என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. நான் என் சீட்டை நெஞ்சிலிருந்து எடுத்து, உயரத் தூக்கி, எல்லோருக்கும் காட்டுகிறேன், கடைசியாக அவருக்கும்.

கைதட்டல் மேலிருந்து கொட்டுகிறது. வித்தைக்காரர்கள் லேசில் தட்ட மாட்டார்கள், தட்டுகிறார்கள், பின்வரிசையில் எழுந்து நின்று தட்டுகிறார்கள், நீட்டிய போன்களெல்லாம் அவர் முகத்தை எடுக்கின்றன, எடுங்கள், நன்றாக எடுங்கள், இதையும் ஊர் ஊராக அனுப்புங்கள். ஷாகுல் பாய் பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்கிறார், இங்கே வரை கேட்கிறது, அந்தக் கவருலதான் என்னமோ பண்றாரு, ஸ்டாண்டையும் பாக்கணும் என்று. கட்டிய கை கட்டியபடியே. அண்ணன் கும்பிடுகிறார், மறுபடி கும்பிடுகிறார், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், அதை வித்தையோடு சேர்த்துக்கொண்டு இன்னும் தட்டுகிறார்கள். பிறகு சீட்டை வாங்கிக்கொள்ள என்னிடம் வருகிறார். ராணியை வாங்குகிறார். தன் கட்டைத் தூக்கி மூலையைப் பார்க்கிறார், அங்கே அவருடைய ராணி அப்படியே இருப்பாள். கையில் என் ராணியைப் பார்க்கிறார். என் வலது கையைப் பார்க்கிறார், அது காலி, விரித்தே வைத்திருக்கிறேன். இடது கையைப் பார்க்கவில்லை. அது முந்தானையைப் பிடித்திருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் ஒரு வார்த்தை உண்டு. வித்தை பார்க்கிற ஜனங்கள் எந்த ஊரிலும் ஒன்றைத்தான் கேட்பார்கள், இன்னொருக்கா பண்ணுங்க, இன்னொருக்கா. அதனால் அவர்களுக்கே அந்தப் பெயர் வைத்துவிட்டோம், இன்னைக்கு ஹாலில் எத்தனை இன்னொருக்கா என்றுதான் கேட்டுக்கொள்வோம். கேட்டால் செய்யக்கூடாது என்பது முதல் சட்டம். தொழில்காரன் வாயால் கேட்கவே கூடாது என்பது அதற்கும் மேலான சட்டம், கேட்டால் அவன் அன்றோடு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற ஆள். இத்தனை வருஷத்தில் நாச்சிமுத்து அண்ணன் யாரிடமும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. குழந்தைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டால் மட்டும் கன்னத்தைத் தட்டி, ஊருக்குப் போயி லெட்டர் போடறனுங்க தம்பி என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்.

இப்போது அவர் மைக்கை இடுப்போடு திருப்பிப் பிடித்துக்கொள்கிறார். ஹால் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறது. கிட்டே குனிகிறார், வாயில் வெற்றிலை வாசம்.

“அம்மணி,” என்கிறார். “இன்னொருக்கா.”

நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். கேலி இல்லை. அறுபதை நெருங்குகிற மனுஷர், வரவேற்பு ஹாலில் முன்னால் ஓடிவந்து நிற்கிற பொடியன் மாதிரி, கண்ணை அகல விரித்துக்கொண்டு நிஜமாகவே கேட்கிறார். எனக்கு அழுகை முட்டுகிறது, சந்தோஷம் அதைவிட வேகமாக முட்டுகிறது.

“ஊருக்குப் போயி லெட்டர் போடறனுங்கண்ணா,” என்று சொல்லிவிட்டு மேடைப் படியில் இறங்குகிறேன். ஷாகுல் பாய் காலை மடக்கி வழிவிடுகிறார், நான் முந்தானையை இழுத்துப் பிடித்தபடி அவரைத் தாண்டிப் போய் என் நாற்காலியில் உட்காருகிறேன். கிளாவர் ஏழு இன்னும் என் கையில்தான் இருக்கிறது.